மின்சாரம் காட்டும் உப்பு: கொங்கு மண்ணின் உவர்த்தன்மையை வயலிலேயே அளத்தல்

மண்ணின் உவர்த்தன்மை என்பது மண்துகள்களுக்கு இடையே நிற்கும் நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு. சோடியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் குளோரைடு, சல்பேட், பைகார்பனேட் உப்புகள்தான் இதில் பெரும்பங்கு. தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். உப்பு கரையக் கரையக் கடத்துதல் கூடும். ஆய்வகத்து மேசைக் கருவி முதல் வயலில் புதைக்கும் உணரி வரை எல்லா மின்கடத்தும் திறன் (ஈசி) கருவிகளும் இந்த ஒரே உண்மையின் மேல் நிற்கின்றன. அளவு டெசிசீமன்ஸ்/மீட்டர் என்ற அலகில் சொல்லப்படுகிறது. பழைய நூல்களில் வரும் மில்லிமோ/செ.மீ. என்பதும் இதே அளவுதான். ஒரு டெசிசீமன்ஸ் காட்டும் நீரில் லிட்டருக்குத் தோராயமாக 640 மில்லிகிராம் உப்பு இருக்கும்.

உப்பு வரப்போரத்தில் வெள்ளையாகப் பூத்துக் கண்ணுக்குத் தெரியும் முன்பே விளைச்சல் இறங்கத் தொடங்கியிருக்கும். மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாமல் போவதே முதல் கேடு. பயிருக்குப் பயிர் தாங்கும் எல்லை வேறு. மாஸ், ஹாஃப்மன் இருவரும் 1977-இல் தொகுத்து, பின்னர் விரிவாக்கப்பட்ட பட்டியல் இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. அதன்படி, மண்ணை நீர்விட்டுப் பசையாகக் குழைத்து எடுத்த சாற்றின் (நிறைவுப் பசைச் சாறு) அளவில் வெங்காயம் 1.2 டெசிசீமன்ஸ் வரைதான் தாங்கும்; அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் 16 சதவீதம் குறையும். மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் எல்லை 1.7, தக்காளிக்கு 2.5, நிலக்கடலைக்கு 3.2, சோளத்துக்கு 6.8, பருத்திக்கு 7.7. பல்லடம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பருத்தி செழித்த அதே பாத்தியில் அடுத்த பட்டத்துச் சின்ன வெங்காயம் வாடி நின்றால், விதையையும் நோயையும் குறை சொல்லும் முன் இந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்லது.

கொங்கு நாட்டில் உப்பு சேர்வதற்கான காரணங்கள் பல. கோயம்புத்தூரின் ஆண்டு மழை ஏறத்தாழ 670 மி.மீ.; மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. காற்றும் வெயிலும் உறிஞ்சும் நீர் இதைவிட மிக அதிகம். பாறை சிதைந்து வெளிவரும் உப்பைக் கீழே கழுவிவிடும் அளவுக்கு மழை பெய்வதில்லை. மண்ணுக்கு அடியில் சுக்கான் கல் திரண்டு கிடப்பதே இதற்குச் சான்று. கிணறுகள் வற்றி, போர் ஆயிரம் அடியையும் தாண்டிப் போன பிறகு, பாறைப் பிளவுகளில் நெடுங்காலம் தங்கிய கனத்த நீர் மேலே வருகிறது. சிறுவாணித் தண்ணீரைக் குடித்துப் பழகிய நகரத்துக்குச் சில கிலோமீட்டர் தள்ளியே உப்புத் தண்ணீர் பாயும் தோட்டங்கள் இருக்கின்றன. அந்த நீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் மண்ணில் தங்குகிறது.

இவற்றுக்கு மேல் தொழில் கொண்டுவந்த உப்பு ஒன்று உண்டு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யல், திருப்பூரின் சாயப்பட்டறைக் கழிவைப் பல ஆண்டுகள் சுமந்தது. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்குச் சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ சாயக் குளியலில் லிட்டருக்குப் பல பத்து கிராம் சேர்க்கப்படுகிறது. துணி அதில் ஒரு துளியையும் எடுத்துக்கொள்வதில்லை. சேர்த்தது முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. பாசனத்துக்கென்று கட்டப்பட்டு 1990-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை இந்தக் கழிவைத் தேக்கும் குட்டையாக மாறியது. சூழல் இழப்பீட்டுக்காக அமைக்கப்பட்ட ஆணையம் 2004-இல் 28,596 விவசாயிகளுக்கு இழப்பீடு தீர்மானித்தது. ஆயக்கட்டு விவசாயிகள் தொடர்ந்து நடத்திய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரிலும், மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரிலும் தீர்ப்பளித்தன. கழிவைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்டாத பட்டறைகளை மூட 2011 ஜனவரி 28-இல் உத்தரவு வந்தது.

இந்த நெடிய வழக்கின் நடுவே நின்றது ஓர் அளவீட்டுக் கேள்வி: எந்தக் காட்டில் எவ்வளவு உப்பு, அது எங்கிருந்து வந்தது? கரையோர நிலம் மேடுபள்ளமானது. ஒரு தோட்டத்தின் மேல் மூலையில் நன்றாக இருக்கும் மண் கீழ் மூலையில் கெட்டிருக்கலாம். ஏக்கருக்கு ஒரு மண் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் முறை இத்தகைய வேறுபாட்டைப் பிடிக்காது. நடந்தபடியே நூற்றுக்கணக்கான இடங்களில் அளக்கக்கூடிய மின்கருவியின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

ஆய்வக முறையை முதலில் புரிந்துகொண்டால்தான் வயல் கருவியின் எண் புரியும். தமிழ்நாட்டின் மண் பரிசோதனை நிலையங்களிலும், 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்திலும், உலர்த்திச் சலித்த மண் ஒரு பங்கோடு நீர் இரண்டரைப் பங்கு சேர்த்துக் கலக்கி, தெளிந்த பின் மின்கடத்தும் திறன் அளக்கப்படுகிறது. இது விரைவானது, மலிவானது. இதில் 1-க்குக் கீழ் வந்தால் தீங்கில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உலக நூல்களின் பயிர் எல்லைகளோ இந்த முறையில் அளந்தவை அல்ல. மண்ணை நீர்விட்டுப் பசையாகக் குழைத்து, அதிலிருந்து உறிஞ்சிய சாற்றை அளப்பது அந்த முறை. அமெரிக்காவில் ரிவர்சைடு நகரின் உவர்மண் ஆய்வகம் 1954-இல் வெளியிட்ட 60-ஆம் எண் கையேடு இதை நிலைநிறுத்தியது. இந்தச் சாற்றில் 4 டெசிசீமன்ஸுக்கு மேல் காட்டும் மண் உவர் மண் என்ற வரையறையும் அங்கிருந்து வந்ததே.

இரண்டையும் கலந்துவிடுவதால் வரும் பிழை சிறியதல்ல. நூறு கிராம் செம்மண்ணைப் பசையாக்க 35 மில்லி நீர் போதும். அதே அளவு கருமண்ணுக்கு 70 மில்லி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஆய்வக முறையில் இரண்டுக்கும் 250 மில்லி ஊற்றுகிறார்கள். செம்மண்ணின் உப்பு ஏழு மடங்குக்கும், கருமண்ணின் உப்பு மூன்றரை மடங்குக்கும் நீர்த்துப்போகிறது. ஆய்வக அட்டையில் இரண்டும் 0.8 என்று வந்தால், பசைச் சாற்றின் கணக்கில் செம்மண் 5.7, கருமண் 2.9 என்ற அளவில் இருக்கும். சுண்ணாம்பும் ஜிப்சமும் கூடுதல் நீரில் கரைவதால் உண்மை வித்தியாசம் இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆனாலும், ‘தீங்கில்லை’ என்ற முத்திரையோடு வந்த 0.8, செம்மண் தோட்டத்து வெங்காயத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் பெருங்கேடாக இருக்க முடியும். மண்ணின் வகையைக் குறிப்பிடாமல் கடத்தும் திறனை மட்டும் அச்சிட்ட அட்டை பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

வயலில் நிற்கும் மண்ணை அப்படியே அளக்கும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. மின்னோட்டம் மண்ணுக்குள் மூன்று வழிகளில் செல்கிறது. பெரிய துளைகளில் தொடர்ச்சியாக நிற்கும் உப்பு நீர் வழி முதலாவது. நீரும் களித்துகளும் மாறிமாறி அமைந்த பாதை இரண்டாவது. ஒன்றையொன்று தொட்டு நிற்கும் துகள்களின் மேற்பரப்பில் ஒட்டியுள்ள அயனிகள் வழியே செல்வது மூன்றாவது. கருவி காட்டும் எண் இம்மூன்றின் கூட்டு; இதை மொத்த மண்ணின் கடத்தும் திறன் என்பர். ரிவர்சைடு ஆய்வகத்தின் ரோட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1970-களில் தொடங்கி இந்தப் பாதைகளைச் சமன்பாடுகளாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்தப் பணியின் சாரம் இதுதான்: வயல் கருவி உப்பை அளப்பதில்லை. உப்பு, ஈரம், களியின் அளவு, வெப்பம் நான்கும் சேர்ந்து தரும் மின்னோட்டத்தை அளக்கிறது. மற்ற மூன்றையும் அறிந்தவருக்கு மட்டுமே அந்த எண் உப்பாக மாறும்.

ஈரம் இதில் முதன்மையானது. காய்ந்த மண்ணில் எவ்வளவு உப்பு இருந்தாலும் மின்சாரம் செல்லாது. களியின் பங்கு கொங்கு நாட்டில் தனிக் கவனம் கேட்கிறது. பீளமேடு வரிசையைச் சேர்ந்த கருமண்ணில் விரிந்து சுருங்கும் களி மிகுதி. உப்பே இல்லாத போதும் அதன் துகள்பரப்பு கணிசமான மின்னோட்டத்தைக் கடத்தும். இருகூர் வரிசைச் செம்மண்ணில் அந்தப் பங்கு சொற்பம். இரண்டும் அடுத்தடுத்த காடுகளில், சில இடங்களில் ஒரே தோட்டத்திலேயே, மாறி வருகின்றன. வரப்பைத் தாண்டியதும் கருவியின் எண் இரட்டிப்பானால் உப்பு இரட்டிப்பானதாகக் கொள்வது பெரும்பாலும் தவறு, மண் மாறியிருக்கும். வெப்பமும் தன் பங்கைச் சேர்க்கிறது. ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் கடத்தும் திறன் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். விடியற்காலையிலிருந்து பிற்பகலுக்குள் மேல்மண் 10 டிகிரி சூடானால், எதுவும் மாறாமலே எண் 20 சதவீதம் உயரும். எனவே எல்லா அளவுகளும் 25 டிகிரிக்குத் திருத்தியே ஒப்பிடப்படுகின்றன.

வயல் கருவிகளில் மூத்தது நான்கு மின்முனை முறை. அமெரிக்கத் தர நிர்ணய நிலையத்தின் ஃபிராங்க் வென்னர் 1915-இல் விவரித்த அமைப்பு இது. நான்கு உலோகக் கம்பிகளை ஒரே கோட்டில் சம இடைவெளியில் மண்ணில் ஊன்றி, வெளி இரண்டின் வழியே மாறுதிசை மின்னோட்டம் செலுத்தி, உள் இரண்டுக்கு இடையே மின்னழுத்தம் அளக்கப்படுகிறது. மின்னோட்டம் செலுத்தும் கம்பிகளும் அழுத்தம் அளக்கும் கம்பிகளும் வேறுவேறாக இருப்பதால், கம்பிக்கும் மண்ணுக்கும் இடையிலான தொடுகைத் தடை கணக்கில் புகுவதில்லை. கம்பிகளின் இடைவெளி எவ்வளவோ, தோராயமாக அவ்வளவு ஆழம் வரையுள்ள மண்ணின் சராசரி கிடைக்கும். இடைவெளி 30 செ.மீ., மின்தடை 10 ஓம் என்றால், 2 × 3.14 × 0.3 × 10 எனக் கணக்கிட்டு மின்தடை எண் 18.8 ஓம்-மீட்டர், அதன் தலைகீழ் 0.053 சீமன்ஸ்/மீட்டர், அதாவது 0.53 டெசிசீமன்ஸ். இடைவெளியை 60, 90 என்று கூட்டிக்கொண்டே போனால் உப்பு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

கொங்கு விவசாயிக்கு இந்தக் கருவி புதிதல்ல. போர் போடும் முன் நீரோட்டம் பார்க்க வரும் நிலவியலாளர் காட்டில் கம்பி ஊன்றி, வயர் இழுத்து அளப்பதும் இதே தத்துவத்தில்தான். அவர் நூறு மீட்டருக்கு மேல் விரிப்பதை இங்கே சில சாண் அளவில் விரிக்கிறார்கள். ஊருக்கு ஊர் இருக்கும் அந்தத் திறமையை மண்ணின் உப்பு பார்க்கவும் பழக்கினால், விலை உயர்ந்த கருவிகள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் சலீனா நகரத்து வெரிஸ் நிறுவனம் இதையே டிராக்டர் இழுக்கும் வட்டுகளாக்கி விற்கிறது. அகன்ற வயல்களுக்கு அது ஏற்றது. வாய்க்காலும் வரப்பும் தென்னையும் நிறைந்த துண்டு நிலங்களில் கையால் ஊன்றும் கம்பியே நடைமுறைக்கு உகந்தது. கோடையில் இறுகிப்போன செம்மண்ணில் மட்டும் கம்பி தொடுகை பெறாது. ஊன்றும் இடத்தில் சிறிது நீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

மண்ணைத் தொடாமலே அளப்பது மின்காந்தத் தூண்டல் முறை. கனடாவின் ஜியோனிக்ஸ் நிறுவனத்தின் ஈஎம்38 இதில் புகழ்பெற்றது. ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று ஏறக்குறைய 14.5 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அது மண்ணில் சிறு சுழல் மின்னோட்டங்களைத் தூண்ட, அவை எழுப்பும் இரண்டாம் காந்தப்புலத்தை மற்றச் சுருள் பிடிக்கிறது. மண் எவ்வளவு கடத்துகிறதோ அவ்வளவு வலுவாக அந்தப் பதில் வரும். கருவியை நிமிர்த்திப் பிடித்தால் ஒன்றரை மீட்டர் ஆழம் வரையும், பக்கவாட்டில் சாய்த்தால் முக்கால் மீட்டர் வரையும் எட்டும். சாய்த்த அளவு நிமிர்த்தியதைவிடக் கூடுதலாக இருந்தால் உப்பு மேல்மண்ணில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். குறைவாக இருந்தால் கீழே இறங்கியிருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் ஜிபிஎஸ் இணைத்து வண்டியில் கட்டி, பரந்த நிலங்களை இதனால் வரைபடமாக்கியிருக்கிறார்கள்.

இந்தக் கருவியைக் குழப்புபவை இரும்பும் மின்கம்பியும். கம்பி வேலி, போரின் இரும்புக் குழாய், மோட்டார் கேபிள், மேலே போகும் உயரழுத்த மின்தடம் ஆகியவற்றின் அருகில் எண் நம்பத்தக்கதல்ல. காற்றாலைகளும் உயரழுத்தத் தடங்களும் பெருகியுள்ள உடுமலை, பல்லடம் வட்டாரங்களில் அளக்கும் பாதையை முன்கூட்டியே பார்த்து ஒதுக்க வேண்டும். பாறை மேலாக இருக்கும் இடங்களில் கருவி பாறையையும் சேர்த்தே பார்க்கும். மண்ணின் உப்பு கூடுதலாக இருந்தும் எண் குறைவாக வரும்.

மேற்கண்ட இரண்டும் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டைக் காட்டுபவை. ஒரே இடத்தில் நாளுக்கு நாள் நடப்பதைக் காட்டுவதற்குப் புதைக்கும் உணரிகள் இருக்கின்றன. டாப்பும் அவருடைய கூட்டாளிகளும் 1980-இல் மண்ணின் மின்காப்பு மாறிலியிலிருந்து ஈரத்தைக் கணக்கிடும் வழியைக் காட்டினார்கள். நீரின் மாறிலி ஏறக்குறைய 80, காய்ந்த கனிமத்துக்கு 3 முதல் 5, காற்றுக்கு 1. இந்தப் பெரிய இடைவெளிதான் முறைக்கு வலு. 1984-இல் டால்டனும் அவருடைய குழுவும் அந்த முறையில் மண்ணுக்குள் அனுப்பும் மின்துடிப்பு எவ்வளவு தேய்கிறது என்பதிலிருந்து கடத்தும் திறனையும் பெறலாம் என்று நிறுவினார்கள். இன்று சந்தையில் இருக்கும் மூன்று முள் உணரிகள் ஈரம், வெப்பம், கடத்தும் திறன் மூன்றையும் ஒரே இடத்தில் அளந்து, சிம் கார்டு வழியே கைபேசிக்கு அனுப்புகின்றன. மூன்றும் சேர்ந்து கிடைப்பதால் மண்ணீரின் உப்பை மட்டும் பிரித்தெடுக்க முடிகிறது. ஹில்ஹார்ஸ்ட் 2000-இல் தந்த எளிய சமன்பாடு இதற்கு அதிகம் பயன்படுகிறது. மண் காய்ந்த நிலையில் அது பிழையான விடை தரும், ஈரமான நாட்களின் எண்களை மட்டுமே அதில் இடவேண்டும்.

மலிவு விலையில் கிடைக்கும் இரண்டு முள் உணரிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. நேர்திசை மின்னோட்டத்தில் இயங்குபவை சில வாரங்களில் அரித்துப்போகும். குறைந்த அதிர்வெண்ணில் இயங்கும் கொள்திறன் உணரிகளோ உப்பையும் ஈரத்தையும் ஒன்றாகக் குழப்பும். உப்புத் தண்ணீர் பாயும் தோட்டத்தில் அவை ‘ஈரம் போதும்’ என்று சொல்லும். பயிரோ தாகத்தில் வாடும். பாசனத்தைத் தானாக நிறுத்தும் கருவியோடு இவற்றை இணைப்பது, உப்பு மிகுந்த மண்ணில் பயிரைக் காயவிடுவதற்குச் சமம். உப்பு இல்லாத மண்ணில் மட்டுமே பரிசோதித்த உணரியை உப்பு நிலத்துக்கு விற்கக் கூடாது.

புதைக்கும் விதமும் முக்கியம். கருமண் கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடிப்பு உணரியின் முள்ளை ஒட்டி விழுந்தால் அங்கே காற்று புகும். எண் திடீரென்று விழும். உப்பு கழுவப்பட்டதாக அதைப் பொருள்கொள்ளக் கூடாது. ஆகவே உணரியை மழைக்குப் பின் ஈரமான மண்ணில், அதே மண்ணைக் குழைத்துப் பூசி, கிடைமட்டமாகப் பதிப்பது சரி. சொட்டுநீர்த் தோட்டத்தில் இடம் தேர்வது இன்னும் நுட்பமானது. சொட்டுவாய்க்கு நேர் கீழே மண் கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும். நனையும் வட்டத்தின் விளிம்பில் உப்பு வளையமாகத் திரளும். சொட்டுவாய்க்கு அடியில் வைத்த உணரி ஆண்டு முழுதும் நல்ல சேதி சொல்லும். முதல் மழை அந்த வளையத்தைக் கரைத்து வேருக்குள் தள்ளும் நாளில்தான் சேதம் தெரியும். அதனால் ஓர் உணரி சொட்டுவாய்க்கு அருகிலும், ஒன்று விளிம்பிலும், ஒன்று வேர்ப்பகுதியின் அடியிலும் இருப்பது குறைந்தபட்சத் தேவை. லேசான தூறல் விழும்போது சொட்டுநீரை நிறுத்தாமல் ஓடவிடுவது இதே காரணத்தால் பரிந்துரைக்கப்படுகிறது.

உணரி எதுவானாலும் மண்ணீரை நேரடியாக எடுத்துப் பார்ப்பது தனி நம்பிக்கை தரும். நுண்துளைப் பீங்கான் கிண்ணத்தைப் புதைத்து, வெற்றிடம் உண்டாக்கி உறிஞ்சினால் சில மில்லி நீர் கிடைக்கும். அதைச் சாதாரண ஈசி பேனாவால் அளக்கலாம். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ-வில் ரிச்சர்ட் ஸ்டிர்சாக்கர் உருவாக்கிய புனல் வடிவக் கருவி, பாசன நீர் தன் ஆழத்தை எட்டியதும் மிதவையை உயர்த்திக் காட்டி, சிறிது நீரையும் பிடித்து வைக்கிறது. மின்சாரமும் கைபேசியும் தேவைப்படாத இந்த எளிமை சிறு விவசாயிக்குப் பொருந்தும். பேனாவில் மட்டும் கவனம் வேண்டும்: டிடிஎஸ் (கரைந்த திடப்பொருளின் மொத்தம்) என்று எண் காட்டும் பேனாக்கள் உண்மையில் ஈசி-யை அளந்து உள்ளே ஓர் எண்ணால் பெருக்குகின்றன. அந்தப் பெருக்கல் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் 0.5 முதல் 0.7 வரை மாறுவதால், ஒரே தண்ணீருக்கு இரண்டு பேனா இரண்டு டிடிஎஸ் சொல்லும். ஈசி-யையே எழுதிவைப்பது குழப்பத்தைத் தவிர்க்கும்.

இந்த வகை அளவீட்டில் ஏற்கெனவே தேர்ந்தவர்கள் பொள்ளாச்சி வட்டாரத்தில் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்குத் தென்னை நார்க்கழிவை ஏற்றுமதி செய்யும் ஆலைகளில் ‘லோ ஈசி’, ‘ஹை ஈசி’ என்பவை அன்றாடச் சொற்கள். நல்ல தண்ணீரில் அலசி 0.5-க்குக் கீழே கொண்டுவந்த சரக்குக்கு ஒரு விலை, அலசாததற்கு வேறு விலை. அங்கே தினமும் மாதிரி எடுத்து, நீர் சேர்த்து, ஈசி பார்த்துக் குறித்து வைக்கிறார்கள். அலசிய நீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கும் அதே பேனா விடை சொல்லும். ஆலைக்குக் கீழ்ப்பக்கத்துக் கிணறுகளில் மாதந்தோறும் அளந்து எழுதினால் போதும்.

வயல் எண்ணை உப்பாக மாற்றும் அளவுத்திருத்தத்தைப் பொறுத்துத்தான் முழு முறையின் மதிப்பும் அமைகிறது. பாய்ச்சிய நீர் வடிந்து, மண் சீரான ஈரத்தில் நிற்கும் நாளில், கருமண்ணில் பாசனத்துக்கு மூன்று நான்கு நாள் கழித்தும் செம்மண்ணில் ஒன்றிரண்டு நாளிலும், கருவியால் நிலம் முழுதும் அளக்க வேண்டும். எண்களைப் பார்த்து, குறைந்தது முதல் கூடியது வரை எல்லா அளவும் வரும்படி ஒரு டஜன் இடங்களைத் தேர்ந்து, 30 செ.மீ. வீதம் ஆழவாரியாக மண் எடுத்து, பசைச் சாற்றில் அளக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுக் கோடு வரைந்தால் அந்த மண்ணுக்கான தொடர்பு கிடைத்துவிடும். கருமண்ணுக்கு ஒரு கோடு, செம்மண்ணுக்கு ஒரு கோடு தேவை; ஒன்றின் கோட்டை மற்றதற்கு இட்டால் வரும் விடைக்கு மதிப்பில்லை. கோயம்புத்தூரின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இருகூர், பாலத்துறை, பீளமேடு எனப் பெயரிட்ட மண் வரிசைகள் பல காலமாக ஆராயப்பட்டவை. வரிசைவாரியாக இத்தகைய கோடுகள் வெளியிடப்பட்டால், தனி விவசாயி ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஆனால் எந்த மின் உணரியும் காணாத கேடு ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் அதுவே பெரியது. கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் மாநிலத்தின் உப்புப் பாதித்த நிலம் சுமார் 3.68 லட்சம் ஹெக்டேர், அதில் 3.55 லட்சம் களர். களர் மண்ணில் மொத்த உப்பு குறைவாகவே இருக்கலாம். களித்துகளின் மேல் சோடியம் பற்றிக்கொண்டு, மண் கட்டமைப்பு குலைந்து, நீர் உள்ளே இறங்காமல் போவதே அங்கே நோய். ஈசி குறைவு, கார அமில நிலை 8.5-க்கு மேல், மாற்று சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் என்பது அதன் அடையாளம். மின்கருவிக்கு இத்தகைய நிலம் நல்ல நிலமாகவே தெரியும். சாயக்கழிவு பாய்ந்த நொய்யல் கரைக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. வந்து சேர்ந்தது சோடியம் உப்பு; மழை வந்து உப்பைக் கழுவக் கழுவ ஈசி இறங்கும், களியில் ஒட்டிய சோடியமோ அங்கேயே தங்கும். எண் நன்றாகி, மண் கெட்டிருக்கும்.

அதனால் ஈசி-யோடு கார அமில நிலையும் பாசன நீரின் சோடியம் விகிதமும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும். வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு: காய்ந்த சிறு மண்கட்டியை மழைநீர் நிறைந்த கண்ணாடித் தம்ளரில் அசைக்காமல் இட்டு, மறுநாள் பார்த்தால், நீர் தெளிவாக இருந்தால் களர்த்தன்மை இல்லை, கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கி நின்றால் சோடியம் மிகுதி. உப்புப் போர்த் தண்ணீரில் இச்சோதனையைச் செய்தால் பலன் கிடைக்காது, உப்பே கலங்கலை அடக்கிவிடும். கலங்கல் கண்ட மண்ணுக்கு ஜிப்சம் வேண்டும். வெறும் நீர் விட்டுக் கழுவினால் மேலும் இறுகும்.

உவர் மண்ணில் உணரிகளின் நேரடிப் பயன் கழுவு நீரைக் கணக்கிடுவதில் இருக்கிறது. பாசன நீரின் ஈசி-யை, பயிரின் எல்லையை ஐந்தால் பெருக்கி அதிலிருந்து நீரின் ஈசி-யைக் கழித்த விடையால் வகுத்தால், எத்தனை பங்கு நீர் வேரைத் தாண்டி இறங்க வேண்டும் என்பது தெரியும். போர்த் தண்ணீர் 2 டெசிசீமன்ஸ் என்றால் பருத்திக்கு 5 சதவீதத்தைச் சற்றே தாண்டும்; மக்காச்சோளத்துக்கு 31 சதவீதம்; வெங்காயத்துக்கு 50 சதவீதம். பாதித் தண்ணீரைக் கீழே விட்டுக்கொடுக்கும் வசதி கொங்கு நாட்டில் யாருக்கும் இல்லை. எனவே 2 டெசிசீமன்ஸ் தண்ணீரில் வெங்காயம் போடுவது கணக்குக்கு ஒத்துவராது; கிணற்றில் மழைநீர் ஊறி ஈசி இறங்கும் ஐப்பசி, கார்த்திகைப் பட்டத்துக்கு அதைத் தள்ளுவதும், கோடையில் அதே நிலத்தைப் பருத்திக்கோ சோளத்துக்கோ விடுவதும் பொருந்தும். மழையையே கழுவு நீராகப் பயன்படுத்த வரப்பை உயர்த்தித் தேக்கினால், அடியில் புதைத்த உணரியில் எண் முதலில் ஏறி, பிறகு இறங்கும். ஏறியது உப்பு கீழே வந்ததற்கும், இறங்கியது அது வேரைக் கடந்து போனதற்கும் சான்று. ஏறியபடியே நின்றால் கீழே வடிகால் இல்லை. அப்படிப்பட்ட பள்ளக்காட்டில் எத்தனை முறை கழுவினாலும் உப்பு திரும்ப மேலே வரும், முதலில் வடிகால் வெட்ட வேண்டும்.

நீண்டகாலக் கண்காணிப்புக்கு ஒரே இடம், ஒரே பருவம், ஒரே ஈரநிலை மூன்றும் மாறாமல் இருக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, பருவமழைக்கு முன் புரட்டாசியிலும் மழை ஓய்ந்த பின் தை மாதத்திலும் அளப்பது கொங்கு நிலத்துக்குப் பொருந்தும். முதலாவது கோடை சேர்த்த உப்பைச் சொல்லும், இரண்டாவது மழை கழுவியதைச் சொல்லும். புரட்டாசியில் மண் காய்ந்திருந்தால் ஒரு தண்ணீர் கட்டிவிட்டு அளக்க வேண்டும். புதைத்த உணரிகளை ஆண்டுக்கொருமுறை எடுத்து, ஈசி தெரிந்த உப்புக் கரைசலில் நிறுத்திச் சரிபார்ப்பதும், அதே இடத்தில் ஒரு மண் மாதிரியை ஆய்வகத்தில் பார்ப்பதும் அவற்றின் எண் நழுவுவதைப் பிடிக்கும். நொய்யல் கரையில் ஆயக்கட்டு வாரியாக, கிணற்று நீரும் மண்ணும் சேர்த்து, இத்தகைய பதிவு தொடர்ந்து இருந்தால், எந்த வயல் மீண்டது, எது மீளவில்லை, எதற்கு ஜிப்சம் வேண்டும், எதற்கு வடிகால் வேண்டும் என்று தனித்தனியே சொல்ல முடியும்.